கடலுக்குப் போகும் அப்பாவும் எல்கேஜி படிக்கும் மகளும்

காசிமேட்டைச் சேர்ந்த ஒரு தந்தை அனுப்பியிருக்கும் கடிதத்துக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். தாம் சொல்லச் சொல்ல, கல்லூரியில் படிக்கும் அக்காள் மகள் எழுதிக் கொடுத்ததாக அவர் குறிப்பிட்டிருக்கிறார். பெயர், தெரு, பள்ளி எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கத்தை மட்டும் தருகிறேன்.

அவருக்கு வயது 36. விசைப்படகு ஓட்டுகிறார். ஒருமுறை தங்கல் தொழிலுக்குப் போனால் எட்டு நாளோ பன்னிரண்டு நாளோ கழித்துத்தான் கரை திரும்புவார்; வந்தால் இரண்டு மூன்று நாட்கள் வீட்டில் இருப்பார். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர். மனைவி பிளஸ் டூ முடித்தவர். மகளுக்கு 4 வயது 8 மாதம். தனியார் பள்ளியில் ஆங்கில வழியில் எல்கேஜி படிக்கிறாள். மகனுக்கு ஒன்றரை வயது. மகள் ஆங்கிலத்தின் சின்ன ‘பி’யையும் (b) சின்ன ‘டி’யையும் (d) இடம் வலம் மாற்றி எழுதுகிறாள். டிசம்பர் மாதத்தில் ஒரு மாலை, மனைவி கைக்குழந்தையோடு திண்டாடுவதைப் பார்த்து, மகளை எழுதவைக்க இவரே உட்கார்ந்திருக்கிறார். பலமுறை சொல்லியும் அவள் மாற்றியே எழுதவே, ஸ்கேலால் விரல்களில் அடித்துவிட்டார். அதன்பிறகு இவர் வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் பள்ளிப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறாளாம். சென்ற முறை கரைக்கு வந்த மறுநாளே, “அப்பா, நீ மறுபடி எப்ப கடலுக்குப் போவ?” என்று கேட்டிருக்கிறாள்.

பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்துக்கு இவர் தனியாகப் போனபோது, “படிப்பைப் பற்றிப் பேசணும், அம்மாவை வரச் சொல்லுங்க” என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். எழுத்து சரியாகாவிட்டால் எல்கேஜியிலேயே இன்னும் ஓராண்டு இருக்க வேண்டிவரும் என்றும் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஃபீஸ் கட்டுவதோடு ஆம்பளை வேலை முடிந்தது என்பது இவருடைய தாயாரின் கருத்து. தம்முடைய பேச்சு மகளுக்கு ஒட்டிக்கொண்டால் பள்ளியில் கேலி செய்வார்களோ என்ற பயமும் இவருக்கு உண்டு. கரைக்கு வந்த இரவு குடிப்பதுண்டு என்பதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். கேட்பவை மூன்று: மகளை டியூஷனுக்கு அனுப்பலாமா? அவள் படிப்பு விஷயத்தில் தாம் ஒதுங்கிவிடுவதுதான் நல்லதா? அப்பாவிடம் பேச மாட்டேன் என்று சொல்லப் பள்ளிக்கு உரிமை உண்டா?

அன்புள்ள சகோதரருக்கு,

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நெடுநேரம் யோசிக்கவைத்தது உங்கள் மகள் கேட்ட கேள்விதான். எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன். “பெற்ற பிள்ளைக்கே நான் வேண்டாதவனாகிவிட்டேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி முடிவுகட்டுவதற்கு உங்கள் கடிதத்தில் ஆதாரம் இல்லை. அதே கடிதத்தில் வேறோர் இடத்தில், கடைக்குக் கிளம்பினால் உங்கள் தோளில் ஏறிக்கொள்ளாமல் அவள் வருவதில்லை என்றும், வழியெல்லாம் பேசிக்கொண்டே வருகிறாள் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். உங்களைக் கண்டு பயப்படும் குழந்தை தோளில் ஏறாது. பள்ளிப் பையும் நீங்களும் ஒரே அறையில் இருப்பதுதான் அவளுக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் தன்னால் அப்புறப்படுத்த முடிந்த பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிறாள். தன்னால் நகர்த்த முடியாத உங்களைப் பற்றிக் கேள்வி கேட்கிறாள்.

முதலில் அந்தப் பயம் போக வேண்டும்

நீங்கள் அடித்தது தவறு. அதை மென்மையாக்கிச் சொல்ல எனக்கு மனமில்லை. நீங்களும் அதை எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். எதற்காக அடி விழுந்தது என்று பார்த்தால், அவள் அந்த வயதில் செய்யக்கூடிய, பெரும்பாலான பிள்ளைகள் செய்கிற ஒன்றுக்காகத்தான். பிறந்ததிலிருந்து அவள் பார்த்த பொருள்கள் எல்லாம் எந்தப் பக்கம் திரும்பினாலும் பெயர் மாறாதவை. தலை இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் வஞ்சிரம் வஞ்சிரம்தான். திருப்பிப் போட்டால் பெயரே மாறிவிடும் பொருளை அவள் முதன்முதலாக எழுத்துகளில்தான் சந்திக்கிறாள். இந்தப் புதிய வழக்கம் மனத்தில் படிய நாளாகும். ஏறக்குறைய ஏழு வயதுவரை எழுத்துகளைத் திருப்பி எழுதுவது இயல்பு என்றே குழந்தை வளர்ச்சித் துறையில் இருப்பவர்கள் கருதுகிறோம். அவளுக்கு இன்னும் ஐந்து வயதே நிறையவில்லை.

அடித்தால் மனத்தில் பதியும் என்ற நம்பிக்கை நம்மிடையே பரவலாக இருக்கிறது. நீங்களும் படகில் அப்படித்தான் தொழில் கற்றதாகச் சொல்லியிருக்கிறீர்கள். பயந்திருக்கும் சிறு குழந்தையின் கவனம் எழுத்தில் நிற்காது. அடுத்த அடி எப்போது விழும் என்று ஸ்கேலையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பதிலேயே அது செலவாகிவிடும். ஐந்தாவது தடவையும் அவள் மாற்றி எழுதியதற்குப் பிடிவாதம் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. அந்த நேரத்தில் அவளால் அதற்கு மேல் முடிந்திருக்காது.

ஆகவே அடுத்த முறை கரைக்கு வந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம் அவளிடம் மன்னிப்புக் கேட்பது. பெற்றவர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக்கூடும். கேளுங்கள். நீளமாகப் பேச வேண்டியதில்லை, அவள் கண்ணுக்கு நேராக உங்கள் முகம் வரும்படி தரையில் உட்கார்ந்து, “அன்னைக்கு அப்பா உன் கையில அடிச்சது தப்பு. உனக்கு வலிச்சிருக்கும். இனிமே அடிக்க மாட்டேன்” என்று சொன்னால் போதும். “ஆனா நீயும் ஒழுங்கா எழுதணும்” என்று அதன் வாலில் எதையும் கட்டிவிடாதீர்கள். உடனே அவள் வந்து கட்டிக்கொள்வாள் என்றும் எதிர்பார்க்காதீர்கள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து விளையாடப் போய்விடலாம். சொன்னதை நம்புவதற்கு அவளுக்கு நாட்கள் வேண்டும். நீங்கள் கரையில் இருக்கும் அடுத்த சில தடவைகளில் அந்தப் பையை நீங்களாக எடுக்காதீர்கள். அவளே எடுத்து வந்து காட்டினால் பாருங்கள்.

குடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்து நாள் தூக்கம் கெட்டு, உடல் நோகக் கரைக்கு வருபவரின் அலுப்பு எனக்குப் புரிகிறது. இருந்தாலும் குடித்திருக்கும் இரவில் மகளின் படிப்பைக் கையில் எடுக்கக் கூடாது என்பதை மாற்ற முடியாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். போதையில் இல்லாத நேரத்திலும் உடனே கோபம் வருகிறது, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியவில்லை என்று தோன்றினால், 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். வெட்கப்பட அதில் ஒன்றுமில்லை.

ஏழாம் வகுப்புப் படித்தவர் என்ன சொல்லித்தர முடியும்?

உங்கள் கடிதம் முழுவதும் ஓர் எண்ணம் ஓடுகிறது: படிப்பு என்பது நோட்டில் எழுதுவது, அதைச் சொல்லித்தர மனைவிக்குத்தான் தகுதி இருக்கிறது, உங்களுக்கு இல்லை. ஆரம்பக் கல்வி என்று நாங்கள் சொல்வதில் எழுதுவது கடைசியாக வரும் பகுதி. அதற்கு முன்னால் நிறையப் பேச வேண்டும், கேட்டதைத் திருப்பிச் சொல்லத் தெரிய வேண்டும், பெரிது, சிறிது, முன்னால், பின்னால், கூட, குறைய என்று ஒப்பிடத் தெரிய வேண்டும், எண்ண வேண்டும், வகை பிரிக்க வேண்டும், விரல்களில் பலம் வர வேண்டும். தமிழ்நாடு அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரையுள்ள பிள்ளைகளுக்கே பாட்டு, விளையாட்டு, பொருள்கள் வழியாகத்தான் எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கிறது. ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கே அதுதான் வழி என்றால், எல்கேஜி குழந்தையை நாலு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைப்பதில் உள்ள அவசரம் புரியும்.

இப்போது உங்கள் தொழிலைப் பாருங்கள். சங்கரா, கானாங்கெளுத்தி, நெத்திலி, வவ்வால், இறால், நண்டு என்று ஒரு கூடையைக் கவிழ்த்தால் எத்தனை பெயர், எத்தனை நிறம், எத்தனை வடிவம்! வீட்டுக்குக் கொண்டுவரும் கறிமீனைக் கழுவுவதற்கு முன்னால் மகளோடு ஒரு தட்டைச் சுற்றி உட்காருங்கள். ஒரே மாதிரி இருப்பதை ஒரு பக்கம் வைக்கச் சொல்லுங்கள். எந்த வரிசையில் அதிகம், எதில் வாய் கூர்மை, எதற்குச் செதில் பெரிது என்று அவளிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு நீங்களே பதில் சொல்லிவிடாமல் மனத்துக்குள் ஐந்து எண்ணும்வரை காத்திருங்கள். பெரியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தக் காத்திருப்பைத்தான். குழந்தை சொல்லைத் தேடி எடுத்துக் கோப்பதற்குள் நாமே முடித்துவிடுகிறோம். அவள் தவறாகச் சொன்னால், “தப்பு” என்று சொல்லாமல், “அப்படியா, பக்கத்துல வெச்சுப் பாரு” என்று மீனையே பதில் சொல்ல விடுங்கள். கால் மணி நேரம் போதும். வகைப்படுத்தலும் எண்ணுதலும் ஒப்பிடுதலும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றின்மேல்தான் பின்னால் கணக்கு நிற்கிறது.

அப்பாவின் பேச்சுக்குத் தனி மதிப்பு இருப்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு வயதுக் குழந்தைகளோடு தாயும் தந்தையும் பேசுவதைப் பதிவு செய்து, அந்தக் குழந்தைகள் மூன்று வயதில் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்தார்கள். பலவிதமான சொற்களைப் பயன்படுத்திப் பேசிய தந்தையரின் பிள்ளைகள் பேச்சில் முன்னே இருந்தார்கள். தாய் தந்தை இருவரும் வேலைக்குப் போகும் அந்நாட்டுக் குடும்பங்களில் கண்டது அது; அப்படியே நம் தெருவுக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் கேட்காத சொற்களை வெளியே போய்வரும் அப்பா கொண்டுவருகிறார் என்பதை எந்தக் குடும்பத்திலும் பார்க்கலாம். காற்று மாறுவது, நீரோட்டம், ஐஸ் உடைத்துப் போடுவது, விடியற்காலை ஏலம் என்று நீங்கள் சொல்லக்கூடியவற்றை எந்த எல்கேஜி புத்தகமும் அவளுக்குச் சொல்லாது.

உங்கள் பேச்சு அவளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தை விட்டுவிடுங்கள். வீட்டில் ஒரு பேச்சும் வெளியே ஒரு பேச்சும் தமிழ்க் குழந்தைகள் எல்லாருமே பழகுகிறார்கள். இடத்துக்கு ஏற்ப மாற்றிப் பேச அவளும் கற்றுக்கொள்வாள். ஆங்கில வழிப் பள்ளியில் படிக்கிறாள் என்பதற்காக அரைகுறை ஆங்கிலத்தில் அவளோடு பேச முயல வேண்டாம். சொந்த மொழியில் நிறையப் பேசி, கதை கேட்டு வளரும் குழந்தைக்கு இரண்டாவது மொழி எளிதாகவே வரும்.

கையெழுத்துக்கு வருவோம். எழுதத்தான் வேண்டுமென்றால் மணலில் எழுதட்டும். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்தில் பிள்ளைகள் மணலில் விரலால்தான் எழுதிப் பழகினார்கள். அந்தப் பழைய முறையில் இருந்த அறிவை நாம் அவசரப்பட்டுக் கைவிட்டுவிட்டோம் என்பது என் வருத்தம். ஒரு மாலை உங்கள் பகுதியில் உள்ள என்4 பீச்சுக்குக் கூட்டிப்போய் ஈர மணலில் முழங்கை அசையப் பெரிதாக எழுதவிடுங்கள். அலை வந்து அழித்துவிடும். தவறாக எழுதியது நோட்டில் நிற்பது போல நிற்காது. மாவு பிசைவது, பூண்டு உரிப்பது, பட்டாணி உரிப்பது எல்லாம் பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு நல்ல பயிற்சி.

வீட்டில் இல்லாத நாட்கள்

“மாதத்தில் பாதி நாளுக்கு மேல் கடலில் இருப்பவன் என்ன பெரிய அப்பா” என்று எழுதியிருக்கிறீர்கள். தந்தையின் பங்கேற்பைப் பற்றி 1980களில் விரிவாக ஆராய்ந்த மைக்கேல் லாம்பும் அவருடன் பணியாற்றியவர்களும் அதை மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள்: குழந்தையோடு நேரடியாகச் சேர்ந்து எதையாவது செய்வது, தேவைப்படும்போது அருகில் இருப்பது, குழந்தைக்கு என்ன தேவை என்பதை நினைவில் வைத்துப் பொறுப்பேற்பது. இரண்டாவது உங்கள் தொழிலில் கடினம். முதலாவதைக் கரையில் இருக்கும் நாட்களில் செய்யலாம். மூன்றாவதைக் கடலில் இருந்துகொண்டும் செய்ய முடியும். ஆனால் பெரும்பாலான வீடுகளில் தாய் மட்டுமே தனியாகச் சுமப்பது அதைத்தான். உங்கள் மகளின் வகுப்பு ஆசிரியையின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவளுடைய மிக நெருங்கிய தோழி யார்? மதியச் சாப்பாட்டில் எதை மிச்சம் வைக்கிறாள்? தெரியாவிட்டால் மனைவியிடம் கேட்காமல் மகளிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடலுக்குப் போவதற்கு முன் மனைவியின் கைப்பேசியில் சின்னச் சின்னதாகச் சில கதைகளை உங்கள் குரலில் பதிவு செய்து வையுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் இருந்தால் போதும். கரை மறைந்தபின் சிக்னல் கிடைக்காவிட்டாலும், தூங்கப் போகும்போது ஒவ்வொரு இரவும் ஒன்றாக அவள் கேட்கலாம். கதையின் நடுவில் அவள் பெயரைச் சொல்லி ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்த நண்டு எங்க போய் ஒளிஞ்சிருக்கும், நீ சொல்லு பார்க்கலாம்?” திரும்பி வந்ததும் அவளுடைய பதிலை மறக்காமல் கேளுங்கள். சுவரில் ஒரு தினசரி நாட்காட்டியை அவள் கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டி, நீங்கள் புறப்பட்ட தாளில் ஒரு படகு வரைந்து வையுங்கள். தினமும் ஒரு தாள் கிழித்து, எத்தனை தாள் சேர்ந்தது என்று அம்மாவோடு அவள் எண்ணட்டும். திரும்பும் தேதியை மட்டும் உறுதியாகச் சொல்லாதீர்கள். காற்றும் கடலும் உங்கள் கையில் இல்லை. “பத்து தாளுக்குப் பக்கத்துல வந்துடுவேன்” என்பது நேர்மையான வாக்கு.

பெரிய வாய்ப்பு ஏப்ரலில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; அதில் பெரும்பகுதி பள்ளியின் கோடை விடுமுறையோடு சேர்ந்தே வருகிறது. வருமானம் இல்லாத அந்த நாட்கள் உங்களுக்கு எவ்வளவு கவலை தருபவை என்பதை நான் அறிவேன். வலை பழுது, இன்ஜின் வேலை, பெயின்ட் என்று படகு வேலையும் அப்போதுதான் குவியும். வலை பின்னும்போது பக்கத்தில் அவளும் உட்காரட்டும். கண்களை எண்ணட்டும்; இந்த வலையின் கண் பெரிதா, அந்த வலையின் கண் பெரிதா என்று விரலை விட்டுப் பார்க்கட்டும்; கயிற்றில் முடிச்சுப் போட்டு அவிழ்க்கட்டும். அந்த இரண்டு மாதங்களில் மகனைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் வேலையில் ஒருவேளையை நீங்கள் எடுத்துக்கொண்டால் மனைவிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். அவர் மகளோடு பொறுமையாக உட்கார்வதற்கு அதுவே பெரிய உதவி.

மனைவி “நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்வதாகவும் அது உங்களைக் காயப்படுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். அடித்ததை நேரில் பார்த்த தாய் அப்படிச் சொல்வது இயல்பு. அவரோடு வாதாடாமல், நீங்கள் நடந்துகொள்ளும் விதத்தால் அவர் மனம் மாறட்டும். அவர் சொல்லித்தரும்போது மேற்பார்வை பார்த்துக் குறை சொல்வதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

டியூஷன் வேண்டாம்

இந்த வயதில் டியூஷனை நான் பரிந்துரைக்கவில்லை. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 10 முதல் 13 மணி நேரத் தூக்கமும், ஓடியாடும் நேரமாகக் குறைந்தது 3 மணி நேரமும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. திரையைப் பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது. காலை எட்டரை மணிக்குக் கிளம்பி மதியம் இரண்டரைக்கு வீடு திரும்பும் குழந்தையை நான்கு மணிக்கு மறுபடி நோட்டுக்கு முன்னால் உட்காரவைத்தால், முதலில் போவது தூக்கமும் விளையாட்டும்தான். எழுத்தின்மேல் ஏற்கெனவே பயம் வந்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பயம் இரட்டிப்பாகவும் கூடும். வீட்டில் சிறிது நேரம் யாருமே பார்த்துக்கொள்ள முடியாத நிலை என்றால், எழுதவைக்காமல் விளையாட விடுகிற நம்பகமான அண்டை வீட்டைத் தேடுங்கள். அந்தப் பணத்தில் படம் நிறைந்த தமிழ்க் கதைப் புத்தகங்கள் இரண்டு வாங்கலாம். வாசிக்கத் தயக்கமாக இருந்தால் வாசிக்க வேண்டாம். படத்தைப் பார்த்து இருவருமாகக் கதை கட்டுங்கள்.

பள்ளியும் சட்டமும்

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ‘பெற்றோர்’ என்பவர் தந்தையோ தாயோ என்று தன் 2ஆவது பிரிவிலேயே வரையறுத்திருக்கிறது. 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகளுக்குக் கல்வி வாய்ப்புத் தருவதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமையாக 2002ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தமும் சேர்த்தது; அங்கும் தாய் என்று பிரித்துச் சொல்லவில்லை. ஆகவே மகளின் படிப்பைப் பற்றி உங்களிடம் பேச முடியாது என்று மறுப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இருந்தாலும் அந்த ஆசிரியையை எதிரியாக நினைக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். கூட்டங்களுக்குத் தாய்மாரே வந்து பழகிவிட்ட பள்ளிகளில், அப்பா தனியாக வந்து நின்றால் என்ன பேசுவது என்று ஆசிரியர்களுக்கே தெரிவதில்லை. அடுத்த முறை மனைவியோடு சேர்ந்து போங்கள். வாட்ஸ்அப் குழுவில் உங்கள் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். நீங்கள் கடலுக்குப் போகும் நாட்களைச் சொல்லி, கரையில் இருக்கும் நாளில் பத்து நிமிடம் சந்திக்க அனுமதி கேளுங்கள். எழுத்தைப் பற்றி மட்டும் கேட்காமல், வகுப்பில் பேசுகிறாளா, யாரோடு விளையாடுகிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்றும் கேளுங்கள்.

எல்கேஜியிலேயே நிறுத்தி வைப்போம் என்பது வேறு விஷயம். கட்டாயக் கல்விச் சட்டத்தின் தேர்ச்சி தொடர்பான பிரிவு தொடக்கக் கல்விக்கானது; எல்கேஜி, யுகேஜிக்கு அதை நேரடியாகச் சுட்டிக்காட்டிப் பள்ளியோடு வாதாட முடியாது. ஆகவே இங்கே பேச்சுவார்த்தைதான் வழி. எந்த அடிப்படையில் முடிவு எடுக்கிறார்கள் என்று மரியாதையாகக் கேட்டு, எழுத்து மாறுவதை மட்டும் காரணமாகச் சொன்னால், இந்த வயதில் அது இயல்பானது என்று எடுத்துச் சொல்லுங்கள். முடிவை எழுத்தில் தரும்படியும் கேட்கலாம். பள்ளிக்கூடத்தில் குழந்தையை அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் அதே சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி தடை செய்யப்பட்டவை என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் சுமையாக இருப்பதாக ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். ஒன்றாம் வகுப்புக்கு மாநகராட்சிப் பள்ளியை யோசிப்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. ‘எண்ணும் எழுத்தும்’ அங்கே நடக்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் ஐந்தாம் வகுப்புவரை உண்டு. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். நீங்களும் அதில் இடம்பெறலாம். மகனுக்கு எல்கேஜி சேரும் வயது வரும்போது, தனியார் பள்ளிகளில் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க முடியுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். அந்த ஒதுக்கீடு நுழைவு வகுப்பில் மட்டுமே கிடைக்கும் என்பதால், மகளுக்கு இப்போது அது பயன்படாது.

இனி எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது. உங்கள் மகள் வழியெல்லாம் கதை பேசுகிறாள், பாட்டுப் பாடுகிறாள், சொன்ன வேலையைச் செய்கிறாள் என்பதால் இப்போதைக்குக் கவலைப்பட ஒன்றும் தெரியவில்லை. புத்தகத்தை முகத்துக்கு மிக அருகில் பிடிக்கிறாள், பின்னால் இருந்து கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால், ஸ்டான்லி மருத்துவமனையிலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். ஏழு வயது கடந்தபிறகும் எழுத்துகள் தொடர்ந்து மாறினால் அப்போது கற்றல் குறைபாடு குறித்துப் பார்க்கலாம். தடைக்காலம் முடிந்து நீங்கள் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கியபின்னும் அவள் உங்களைக் கண்டதும் பையை ஒளித்துவைக்கிறாள் என்றால், குழந்தைகள் மனநல ஆலோசகர் ஒருவரை நேரில் பார்ப்பது நல்லது. அப்படிப் போகும்போது மகளை மனைவியோடு மட்டும் அனுப்பிவிடாமல், நீங்களும் கரையில் இருக்கும் நாளாகப் பார்த்துச் செல்லுங்கள்.